கயிறு யார் கையில்?

"ஒரே ஒரு நாள் சலவைக்கூடத்தை எங்கிட்ட விட்டுப் பாருங்கப்பா" என்று போன வாரம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பெரியவள் சொன்னாள் அல்லவா, அந்த நாள் விடிந்தேவிட்டது. விடிந்தது மட்டுமா, மழை மூட்டத்தோடு விடிந்தது. துணி துவைத்துப் பிழைக்கிற வீட்டுக்கு இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா?

அப்பாவும் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. நிபந்தனை போட்டார்.

"ஓட்டலுக்குப் போற சரக்கு ஒரு குறையும் இல்லாம போய்ச் சேரட்டும், நான் வீட்டோட கெடக்கேன். ஆனா ஒரே ஒரு கட்டு திரும்பி வந்துச்சுன்னு வை, மறுநாள் காலைல இஸ்திரி உருளைப் பக்கத்துல நான்தான் நிப்பேன். யாரும் குறுக்க வரக் கூடாது."

அந்த மறுநாள் காலையை நினைத்தால்தான் பெரியவளுக்குப் பயம். போன மாதம் மாரடைப்பில் அவர் விழுந்ததே அந்த இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில்தான். ஆவி பறக்கிற அந்த அறையில், ஈரத் தரையில், கையில் பிடித்த படுக்கை விரிப்போடு விழுந்தார். "அந்த வெக்கைல இன்னொரு தடவை நின்னார்னா எங்கிட்ட கூட்டிட்டு வர உங்களுக்கு நேரம் இருக்காது" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். எல்லார் காதிலும் விழுந்தது, விழ வேண்டியவர் காதைத் தவிர.

அவருக்கு அந்தச் சலவைக்கூடம்தான் உலகம். அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். துவைப்பது யாராக இருந்தாலும், மடிப்பது யாராக இருந்தாலும், கட்டுக் கட்டுவது மட்டும் அவர்தான். மடித்து அடுக்கிய விரிப்பை ஒவ்வொன்றாகப் பிரிப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். தானே மறுபடி மடிப்பார். பிறகு சணலைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றி, அழுத்தமாக ஓர் இரட்டை முடிச்சு. முடிச்சு விழுந்தால் சரக்கு சரி. "என் கை படாம ஒரு துணி வாசல் தாண்டாது" என்று ஊரெல்லாம் பெருமை பேசுவார்.

பெருமையெல்லாம் சரிதான். எப்படியும் முதலாளி பிரித்துப் பார்த்து மறுபடி மடிக்கத்தான் போகிறார் என்று தெரிந்த பிறகு, எந்த மகராசன் உயிரைக் கொடுத்து மடிப்பான்? ஏதோ மடித்தோம், எறிந்தோம், டீ குடித்தோம் என்று ஆகிவிட்டது. சொன்னாலும் எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். அப்பா வளர்த்து வைத்த அந்தச் சோம்பலைத்தான் இப்போது மகள் தலையில் தூக்கிச் சுமக்கிறாள்.

அவள் உள்ளே நுழைந்தபோது ஆட்கள் வழக்கம்போல டீயும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுநாயகமாக அப்புறத்தார். நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. எதைக் கேட்டாலும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லி, அதை எல்லாரும் மறந்துபோனார்கள். துவைக்கிற இயந்திரங்கள் அவர் பொறுப்பு. எதிரில் மடிப்பு மேஜையில் சாய்ந்துகொண்டு மடிப்பக்கா. மடிக்கிறவள், அதனால் மடிப்பக்கா. வாய் கொஞ்சம் அதிகம். மற்ற ஆட்களெல்லாம் இந்த இரண்டு பேர் முகத்தைப் பார்த்துத்தான் எழுந்திருப்பார்கள், உட்காருவார்கள்.

"அண்ணே, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் வண்டி கெளம்பியாகணும்" என்றாள் பெரியவள்.

"கெளம்பிரும் பாப்பா. அப்புறம் பாத்துக்கலாம்."

முப்பது வயது தாண்டியும் பாப்பாதான். அதற்கெல்லாம் கோபப்பட இன்று நேரமில்லை.

"அப்புறம் இல்லண்ணே, இப்பவே பாப்போம். இன்னைக்குக் கட்டுக் கட்டப் போறது நீங்க."

சணல் கண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அப்புறத்தார் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நானா?"

"இவரா?" மடிப்பக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "இவரு சட்டைக்குப் பொத்தானையே நேரா போட மாட்டாரே!"

"எனக்கெதுக்கு பாப்பா அது? ஐயா கட்டுற கட்டாச்சே. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஐயா இனி இந்தப் பக்கம் வரக் கூடாது. வந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். நீங்க பாருங்க. சரியா இருந்தா கட்டுங்க. இல்லன்னா கழிச்சு வைங்க. எங்கிட்ட கேக்க வேணாம், முடிவு உங்களது. நீங்க கட்டினதை யாரும் பிரிக்கப் போறதில்ல."

"நீயுமா?" என்றாள் மடிப்பக்கா. சிரிப்பு நின்றிருந்தது.

"நானும்தான்."

சொல்லிவிட்டாள். சொல்வதற்கு என்ன, வாய் இருக்கிறது.

டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு ஆட்கள் எழுந்தார்கள். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. பெரியவள் ஒரு மூலையில் கை கட்டி நின்று பார்த்தாள். நிற்க முடிந்தால்தானே! மடிப்பக்காவின் மேஜையில் ஒரு விரிப்பின் ஓரம் விரல் அகலத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கண்ணை வேறு பக்கம் திருப்பினாள். கண் திரும்பி அங்கேயே வந்தது. கால் நடந்தது. கை நீண்டது. படக்கென்று அந்த விரிப்பை உருவி உதறிப் பிரித்துவிட்டாள்.

மடிப்பக்கா கையிலிருந்ததை அப்படியே மேஜையில் போட்டாள். முக்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நீயே மடி. பாத்துக்கிட்டிருக்கேன்."

"ஓரம் வெளிய தெரிஞ்சுதுக்கா, அதான்..."

"தெரிஞ்சா எங்கிட்ட சொல்லேன். எனக்கு வாயில்லையா, காதில்லையா? நான் இங்க வேலைக்குச் சேந்த நாள்லேருந்து நான் மடிச்ச ஒரு துணி நான் மடிச்ச மடிப்போட வெளிய போனதில்ல. தெரியுமா உனக்கு? உங்கப்பா பிரிப்பாரு. அவரு போயி இப்ப நீ பிரிக்கிற. பிரிக்கிறதுக்குன்னே ஒரு குடும்பம். அதுக்கு நான் எதுக்கு நேரா மடிக்கணும்?"

மற்ற ஆட்களின் கையும் நின்றது. துவைக்கிற இயந்திரங்கள் மட்டும் யாருக்கு வந்த விருந்தோ என்று சுற்றிக்கொண்டிருந்தன. பெரியவளுக்கு முகம் சுட்டது. எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. அக்கா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவளால் மறுக்க முடியவில்லை, அதுதான் பெரிய கொடுமை.

"தப்புதான்க்கா" என்றாள். பிரித்த விரிப்பை மடிப்பக்காவின் மடியில் கொண்டுபோய் வைத்தாள். "இனிமே தொட மாட்டேன்."

மடிப்பக்கா எழுந்தாள். அந்த விரிப்பை உதறினாள், மூலைக்கு மூலை சேர்த்தாள், மடித்தாள். அடேயப்பா, கத்தியால் வெட்டின மாதிரி ஓரம்! இத்தனை நாள் இந்தக் கையை எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ.

அதைப் பார்த்துக்கொண்டே அப்புறத்தார் வந்தார். மெதுவாகத்தான் வந்தார், அவர் என்றைக்கு ஓடினார்? சணல் கண்டைக் கையில் எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு விரிப்பாகப் பார்த்தார். முதல் கட்டைச் சுற்றி ஒரு முடிச்சு போட்டார். அப்பாவின் முடிச்சு இல்லை அது. இரண்டு பக்கமும் முயல் காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்த ஒரு முடிச்சு. பெரியவளுக்கு விரல் நமநமவென்றது. உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டு அலுவலக அறைக்குப் போய்விட்டாள்.

அங்கே போய் உட்கார்ந்ததுதான் தாமதம், கைபேசி அடித்தது. அம்மா.

"ஏண்டி, உங்கப்பா அங்க வந்தாரா?"

"இல்லையேம்மா. வீட்ல இல்லையா?"

"காலாற நடந்துட்டு வரேன்னு போனவர்தான். இன்னும் காணோம். ஃபோனை மேஜை மேலயே வெச்சுட்டுப் போயிருக்கார். மாத்திரையும் போடல. எனக்கு என்னமோ அடிச்சுக்குதுடி."

அவர் எங்கே போயிருப்பார் என்று தேட வேண்டியதே இல்லை. இங்கேதான் வந்துகொண்டிருப்பார். வருவதற்குள் சரக்குப் போய்விட வேண்டும். மேஜை காலியாக இருக்க வேண்டும். காலி மேஜையைப் பார்த்தால்தான் அந்த மனுஷன் திரும்பிப் போவார்.

வெளியே வண்டி ஹாரன் அடித்தது. ஓட்டுவது சின்னவன், அவள் தம்பி. "அக்கா, மழை வந்துரும்க்கா, சீக்கிரம்!"

கூடத்துக்கு ஓடினாள். கட்டுகளெல்லாம் வண்டிக்குள் ஏறியிருந்தன. ஆட்கள் பின்பக்கம் சாப்பிடப் போயிருந்தார்கள். ஜன்னல் ஓரத்து முக்காலியில் மட்டும் ஓர் அடுக்கு மிச்சம் இருந்தது. அழகாக மடித்த விரிப்புகள். மேலே சணல் இல்லை. முடிச்சு இல்லை.

பெரியவளுக்கு உச்சி மண்டை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. அப்புறம் பாத்துக்கலாம்! இதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுச் சோற்றைப் பார்த்துப் போய்விட்டார் மனுஷன். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று சும்மாவா சொன்னார்கள்?

கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நாலு எட்டு வைத்தால் பின்பக்கம். கேட்கவில்லை. சணலை எடுத்தாள், குறுக்கும் நெடுக்கும் சுற்றினாள், அழுத்தி ஓர் இரட்டை முடிச்சு போட்டாள். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து வந்த முடிச்சு, அச்சு அசல் அப்பாவுடையது. தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் வைத்துக் கதவை அறைந்து சாத்தினாள்.

"போடா!"

வண்டி தெருமுனை திரும்பியது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுதாக வெளியே வரவில்லை, பின்னால் அப்புறத்தாரின் குரல் கேட்டது.

"முக்காலில வெச்சிருந்தது எங்க பாப்பா?"

"அனுப்பியாச்சு. நீங்க கட்டாம விட்டுட்டுப் போயிட்டீங்க. நான்தான் கட்டினேன்."

அப்புறத்தார் கழுவின கையைத் துடைக்காமல் நின்றார்.

"அது கருகினது பாப்பா."

"என்னது?"

"உருளை சூடு ஏறிப்போய் நடுவுல கருகிருச்சு. நான்தான் கழிச்சு வெச்சேன். அதுக்குப் பதிலா அலமாரிலேருந்து வேற விரிப்பு எடுத்துப் போட்டுக் கட்டிட்டேன். கணக்குச் சரியாத்தான் போச்சு."

"கருகினதை எதுக்கு அவ்வளவு அழகா மடிச்சு வெச்சீங்க?"

"நான்தான் மடிச்சேன்" என்று பின்னாலேயே வந்த மடிப்பக்கா சொன்னாள். அவள் குரல் அடங்கியிருந்தது. "இன்னைக்கு எதையும் ஏனோதானோன்னு போட மனசு வரல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே?"

"எங்கிட்ட கேக்க வேணாம்னியே. முடிவு உங்களதுன்னியே பாப்பா."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அந்தத் தாழியைத் தன் கையாலேயே போட்டு உடைத்திருந்தாள் அவள். இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் அந்த மனிதர் யாரும் சொல்லாமலே ஒரு வேலையைச் செய்து முடித்திருக்கிறார், அதையும் இவள் கெடுத்தாள். நடுவில் கருகிய விரிப்பு ஓட்டலுக்குப் போகிறது. கட்டு திரும்பி வரும். நாளைக் காலையில் அப்பா உருளைப் பக்கத்தில் நிற்பார். ஐயோ, என்ன காரியம் செய்தேன்!

தம்பிக்கு ஃபோன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவன் எடுக்க மாட்டான். அந்த வீட்டில் அப்பா சொல்லி அவன் கேட்ட ஒரே நல்ல பழக்கம், இன்றைக்குத்தான் பலிக்க வேண்டுமா?

அப்புறத்தார் சட்டைப் பையைத் துழாவி ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"நான் போறேன்."

"நானும் வரேண்ணே."

"வேணாம். ஐயா வந்துட்டா யாரு நிறுத்துறது? எங்களால ஆகுமா? அது உன் வேலை. இது என் வேலை."

"அத்தனை கட்டுல எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"என் முடிச்சு எனக்குத் தெரியாதா? அது இல்லாததைத் தூக்கிட்டு வரேன்."

மழை பிடித்துக்கொண்டது. அவர் தலையில் ஒரு துண்டைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. அந்த மனிதர் ஓடி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் போன வாசல் வழியாகவே, சற்றைக்கெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு அப்பா நுழைந்தார். மூச்சு இரைத்தது. உதடு வெளுத்திருந்தது. கண் மட்டும் நேராக மேஜைக்குப் போனது.

"சரக்குப் போயாச்சா?"

"போயாச்சுப்பா. முதல்ல உக்காருங்க."

"யாரு கட்டினது?"

"அப்புறத்தாரு."

"அவனா! எங்க அவன்?"

இங்கே இல்லையப்பா, டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் இன்றைய பொழுது ஓடியிருக்கும். ஆனால் பழி யார் தலையில் விழும்? பெரியவள் அதை விழுங்கினாள்.

"அவர் கருகினதைக் கழிச்சு வெச்சிருந்தார். அவரைக் கேக்காம அதையும் நானே கட்டி அனுப்பிட்டேன். அதை எடுத்துட்டு வரத்தான் போயிருக்கார்."

அப்பா ஈரச் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டார்.

"பாத்தியா? இதுக்குத்தான் சொன்னேன். அடுத்தவன் கையை நம்பினா இப்படித்தான் நடுத்தெருவுல நிக்கணும். தள்ளு. திரும்பி வர்ற கட்டுக்குப் பதில் போடணும். உருளையை நான் பாத்துக்கறேன்."

உருளை இருந்த அறையின் கதவிடுக்கில் ஆவி கசிந்துகொண்டிருந்தது. பெரியவள் ஓடிப்போய் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"ஒதுங்குடி."

"மாட்டேன்."

"பேச்சு பேச்சா இருக்கணும். நாமதானே பேசிக்கிட்டோம்?"

"அவங்க கையால ஒண்ணும் கெடலப்பா. கெட்டது என் கையால. உங்களை மாதிரியே பண்ணேன், கெட்டுப்போச்சு. உள்ள போனா நீங்க செத்துப்போயிடுவீங்கப்பா. எனக்குப் பயமா இருக்கு. எனக்கு இந்தக் கூடமும் வேணாம், ஓட்டலும் வேணாம், நீங்க வேணும்!"

ஆட்கள் முன்னால் அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அப்பாவின் நீட்டிய கை அவள் தோளில் பட்டு நின்றது. தள்ளுவதா, தடவிக்கொடுப்பதா என்று அந்தக் கைக்கே தெரியவில்லை. மடிப்பக்கா முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்குப் பின்னால் போட்டாள். "உக்காருங்கய்யா" என்றாள். அவர் உட்காரவில்லை.

கைபேசி அடித்தது. பெரியவள் அவசரமாக எடுத்ததில் ஒலிபெருக்கி தட்டுப்பட்டு, அப்புறத்தாரின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"பாப்பா, நான் வர்றதுக்குள்ள அந்தக் கட்டைத்தான் பிரிச்சிருக்காங்க. அத்தனைக்கும் மேல அதுதான இருந்துச்சு. ஓட்டல் மேனேஜரம்மா கருகலைப் பாத்துட்டாங்க."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன சொன்னாங்கண்ணே?"

"காச்சு மூச்சுன்னு கத்தினாங்க. எங்க உங்க முதலாளி, அவர வரச் சொல்லு, அவர் கட்டு ஒருநாளும் இப்படி வந்ததில்லன்னாங்க. ஐயாவுக்கு உடம்பு முடியல, இனிமே வரமாட்டார்னு சொன்னேன். அப்ப இதைக் கட்டினது யாருன்னு கேட்டாங்க. நான்தான்னு சொல்லிட்டேன்."

"அண்ணே! அதைக் கட்டினது நீங்க இல்லையே!"

"இருக்கட்டும் பாப்பா. கழிச்சதை ஒரு வார்த்தை சொல்லாம விட்டவன் நான்தானே. கட்டினது நான், கேக்கிறதை எங்கிட்டக் கேளுங்க, மத்தக் கட்டெல்லாத்தையும் உங்க முன்னாடியே பிரிச்சுக் காட்டறேன்னு சொன்னேன். இப்ப அவங்களே ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்துக்கிட்டிருக்காங்க. என்னை உக்காரச் சொல்லியிருக்காங்க. முடிச்சிட்டுச் சொல்றேன்னாங்க."

அப்பா கண்ணைத் திறந்தார்.

"கட்டினது நான்னா சொன்னான்?" என்று கேட்டார். மகளிடம் கேட்டாரா, மடிப்பக்காவிடம் கேட்டாரா தெரியவில்லை. "இவனா சொன்னான்?"

அவர் குனிந்து கைபேசியின் பக்கம் வாயைக் கொண்டுபோனார்.

"டேய், நான்தான்டா."

"ஐயா... நீங்க ஏன்யா அங்க வந்தீங்க?" என்று கேட்டது குரல். அதட்டல்தான் அது, சந்தேகமே இல்லை. முதலாளியை அதட்டுகிற அப்புறத்தார்!

"அவங்க பாத்து முடிக்கிற வரைக்கும் எழுந்து வந்துடாத" என்றார் அப்பா. "இருந்து பேசிட்டு வா. நான் இங்க வெளியதான் உக்காந்திருக்கேன்."

முக்காலியில் உட்கார்ந்தார். மடிப்பக்கா உலர்ந்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். அதை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டார். பெரியவள் கதவை விட்டு நகராமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கைக்கு மேல் மடித்துவிட்ட சட்டைக் கையை மட்டும் அவர் இன்னும் இறக்கிவிடவில்லை.